எட்டாவது பாட்டு

எங்கள் காலனியில் யாருக்கும் யார்மீதும் பொறாமை கிடையாது. பாரம் மட்டும்தான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி கலர் டிவி வாங்கினால், "அவளக் குறிச்சு எனுக்கு ஒரே பாரமா கீது, ஜெபிச்சிக்கினு கீறேன்" என்போம். நாத்தனார் மகன் பத்தாவது பாஸ் செய்துவிட்டால் அவனைக் குறித்தும் ஒரு பாரம் வந்துவிடும். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் பொறாமையை அப்படியே தெருவில் விட முடியாது. தலைசீவி, முக்காடு போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

அந்த வகையில், என் தங்கை பியூலாவைக் குறித்து எனக்கிருந்த பாரத்தை இழுக்க டிராக்டர் தேவைப்பட்டிருக்கும்.

என் பெயர் ஜெபராணி. (பெயருக்கே சிரித்துவிடாதீர்கள், கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.) காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனார்கள். நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். பியூலா பிளஸ் டூ முடித்துவிட்டுத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதாவது, வீட்டில் அவளுக்கு அதுதான் வேலை. அவள் ஐஸ் சாப்பிடக் கூடாது, பனியில் நிற்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்கும், ஆகவே குடமும் தூக்கக் கூடாது. என் தொண்டைக்கு எந்தச் சட்டமும் கிடையாது. நான் குடம் தூக்கினேன்.

எங்கள் சர்ச்சில் 'விண்தொனி இன்னிசைக் குழு' என்று ஒன்று இருந்தது. தலைவர் மோசஸ் அண்ணன். பகலில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பார், மாலையில் கீபோர்டு வாசிப்பார். கறுப்புக் கட்டைகளில்கூட சுண்ணாம்புப் பொட்டு இருக்கும். பாடுகிறவர்கள் நானும் பியூலாவும். முதலில் நான் மட்டும்தான் பாடினேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாட்டுப் புத்தகத்தை எனக்கு முன்னால் விரித்துப் பிடிக்கத்தான் அவளை அழைத்துப் போனேன். புத்தகம் பிடித்தவள் ஒருநாள் வாயைத் திறந்தாள். மறுவாரம் புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது.

"ராணி, நீ செகண்ட் வாய்ஸ் பண்ணும்மா" என்றார் மோசஸ் அண்ணன்.

செகண்ட் வாய்ஸ் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் ஒரு வரி பாடியதும் அதையே கொஞ்சம் பின்னாலிருந்து, கொஞ்சம் சத்தமாக நான் பாடினேன். பல வருஷம் எங்கள் சுற்றுவட்டாரக் கல்யாணங்களும் கிறிஸ்துமஸ் இரவுகளும் அப்படியே நடந்து முடிந்தன, யாரும் புகார் சொல்லவில்லை.

புள்ளலூரில் ஒரு கூட்டத்துக்குப் பாடப் போனபோதுதான் வந்தது வினை. சென்னையிலிருந்து பிரசங்கிக்க வந்திருந்த ஒரு பிரதர், கூட்டம் முடிந்ததும் நேராக எங்களை நோக்கி வந்தார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

"சின்ன சிஸ்டர், உங்க குரலுக்கு ஒரு தனி கேசட் போட்டே ஆகணும்" என்றார் பியூலாவிடம். பிறகு என்னைப் பார்த்தார். அவர் மரியாதை தெரிந்த மனிதர், எதையாவது சொல்லியாக வேண்டும். "பக்கத்துல நின்ன சிஸ்டரும் நல்லா நின்னீங்க."

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். அன்றைக்கு ராச்சோறு எனக்கு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பியூலா சாட்சி சொல்ல எழுந்தாள். ஆண்டவர் தன்னைத் தனியாகப் பாடச் சொல்லி ஏவியதாகவும், ஆகவே விண்தொனிக் குழுவிலிருந்து கண்ணீரோடு விடைபெறுவதாகவும் சொன்னாள். சபையே ஸ்தோத்திரம் என்றது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. நாங்கள் இருவரும் ஒரே அறையில், ஒரே பாயில் படுக்கிறவர்கள். ஆண்டவர் வந்து ஏவிய நேரத்தில் நான் எங்கே போயிருந்தேன்? (தண்ணீர் பிடிக்கத்தான் போயிருப்பேன்.)

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதினால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. கேசட்டுக்கு எட்டுப் பாட்டு. பியூலா எழுதி, பியூலா மெட்டுப் போட்டு, பியூலா பாடுவது. கீபோர்டு வாசிக்க மோசஸ் அண்ணன், ரிதம் பேடு தட்ட அவர் மச்சான். குழுவை விட்டுப் போனவளுக்கு வாசிக்கக் குழுவே கிளம்பியது. அப்படியானால் அவள் விட்டுப்போனது யாரை? என்னை மட்டும்தான். கேசட்டுக்கு அவள் வைத்த பெயர் 'தனிமையில் என் துணை'. பிறந்த நாளிலிருந்து என் பாயில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு படுத்தவளுக்குத் தனிமையாம்!

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த அட்டைப்படம்!

நான் பூத்தில் இருந்த ஒரு மத்தியானம், பியூலா உத்திரமேரூர் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போய், கையில் மைக்கோடு படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் அருவி கொட்டியது. (அருவி ஸ்டுடியோக்காரருடையது.) அவள் கட்டியிருந்தது என் ரோஸ் சேலை. கிறிஸ்துமஸுக்கு உடுத்தலாம் என்று அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன், மடிப்புகூடக் கலையாதது. கேட்டதற்கு, "ஒரு போட்டோக்குதானேக்கா, தேஞ்சா பூடுது?" என்றாள். தேயவில்லைதான். என்னைவிட அவளுக்கு அது நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் பேச்சை நிறுத்தினேன். உப்பு வேண்டுமென்றால்கூட, "நைனா, பாடகிய உப்ப எடுத்துத் தரச் சொல்லு" என்றேன். நைனா நடுவில் உட்கார்ந்து உப்பைக் கைமாற்றினார். "ரெண்டு பேரும் இன்னா பேஜார் பண்றீங்க" என்று சலித்துக்கொண்டாரே தவிர, தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் சென்னையில் ரெக்கார்டிங் என்றதும் பியூலா என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, நீயும் வாக்கா. ஹம்மிங் பாட ஆளு வேணும்."

ஹம்மிங். வார்த்தை கிடையாது, ம்ம்ம் மட்டும். மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அங்கே போகாமல் வீட்டில் இருந்தால் அவள் எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விடுமே. தெரியாமல் வயிறெரிவதைவிடத் தெரிந்து எரிவது மேல் என்று கிளம்பினேன்.

வடபழனிப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தது ஸ்டுடியோ. சுவரெல்லாம் மெத்தை தைத்திருந்தார்கள். ரெக்கார்டிங் பண்ணுகிறவரை எல்லோரும் பாய் என்று அழைத்தார்கள். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம், காதில் எப்போதும் ஹெட்ஃபோன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவர் உட்கார, இந்தப்பக்கம் நாங்கள் நின்றோம். முதல் நாள் எங்கள் போதகர் கூட வந்து சுருக்கமாக ஜெபித்துத் தொடங்கிவைத்தார், அன்றே ஆறு பாட்டு முடிந்துவிட்டது. அவள் நன்றாகப் பாடினாள். மிக நன்றாகப் பாடினாள். அதை எழுதும்போது என் பேனா எப்படி மக்கர் பண்ணுகிறது பாருங்கள்.

மறுநாள் காலை கால்ஷீட்டில் மீதி இரண்டு பாட்டு. மத்தியானம் ஒரு மணிக்கு வேறு ஆட்கள் வருவார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும். வரும் ஞாயிறு எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, அன்றுதான் வெளியீடு. அட்டைகூட அச்சாகிவிட்டது. அன்று ஊரில் ஒரு சாவுக்கு அடக்க ஆராதனை இருந்ததால் போதகர் வரவில்லை. பஸ் லேட்டானதால் நாங்களும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

"கடைசிப் பாட்டு இன்னாடி?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். (பேசாமல் இருக்கும் விரதம் சென்னையில் செல்லாது.)

"அப்புறம் சொல்றேன்க்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

மோசஸ் அண்ணன் கீபோர்டில் உட்கார்ந்தார். "ராணி, இன்னிக்கி நீதான் பெரியவ. ஒரு வார்த்த ஜெபம் பண்ணும்மா, ஆரம்பிச்சிடலாம்."

எங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை ஜெபிக்கச் சொல்வது, விருந்தாளியிடம் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று சொல்கிற மாதிரி. யாரும் ஒன்றோடு எழுந்ததில்லை. நான் மைக் முன்னால் போய் நின்றேன். "இத்த மாட்டிக்கோக்கா" என்று பியூலாவே ஹெட்ஃபோனை என் தலையில் வைத்தாள், தன் தலையிலும் ஒன்றை மாட்டிக்கொண்டாள்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரமபிதாவே" என்றேன்.

நின்றுவிட்டேன். காதுக்குள் யாரோ பேசினார்கள். கணீரென்று, எக்கோவோடு. நான்தான்! அத்தனை வருஷமாகப் பாடுகிறேன், என் குரலை நான் கேட்டதே இல்லை. முன்னால் எப்போதும் அவள் குரல்தான் இருக்கும். இன்னொரு வரி ஜெபித்துப் பார்த்தேன். அதுவும் நன்றாக இருந்தது.

இங்கே எங்கள் கூட்டங்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது கீபோர்டுக்காரர் அடியில் மெல்ல வாசித்துக்கொண்டே இருப்பார். ஜெபிக்கிறவர் ஆமென் சொல்கிறவரை அவர் நிறுத்தக் கூடாது. மோசஸ் அண்ணனுக்கு இதில் தனிக் கைராசி. குரலில் கொஞ்சம் நடுக்கம் தெரிந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பை மேலே ஏற்றிவிடுவார். அது ஏறினால் ஜெபிக்கிறவருக்கும் ஏறும். அப்புறம் அவர் இன்னும் ஏற்றுவார். இரண்டு பேரில் யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்கள் பேச்சை இடையில் வெட்டுவார்கள், பாட்டை நிறுத்துவார்கள், சண்டையைத் தண்ணீர் ஊற்றிக் கலைப்பார்கள். கண்ணை மூடி ஜெபிக்கிற ஆளை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். கூரை தீப்பிடித்தாலும் ஆமென்வரை காத்திருப்பார்கள்.

நான் இமையைக் கொஞ்சம் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் ஜெபிக்க ஜெபிக்க அவளுக்குப் பாடுகிற நேரம் குறையும். இந்த ஞானம் எனக்கு அங்கேயே, மைக்கின் முன்னாலேயே உதித்தது. கண்ணை மறுபடி இறுக்கி மூடிக்கொண்டேன்.

முதலில் எல்லா நாடுகளுக்காகவும் ஜெபித்தேன். மழைக்காக, பாலாற்றில் தண்ணீர் வருவதற்காக, செங்கல்பட்டு ரோட்டில் போகிற வாகனங்களுக்காக, ஏனாத்தூரில் படிக்கிற பிள்ளைகளுக்காக. ஏனாத்தூரில் எனக்கு யாரையும் தெரியாது. ஸ்டுடியோவின் கரண்டுக்காகவும் ஜெபித்தேன். எல்லாம் தீர்ந்துபோனதும் கையில் இருந்த ஒரே பாரத்துக்கு வந்தேன்.

"ஆண்டவரே, உம்முடைய அடியாள் பியூலாளுக்குத் தாழ்மையைத் தாரும். கூட இருந்தவர்களை விட்டுப் பிரிந்து போகிறவர்களை மன்னியும். மேலே பாடும்போது அவளுக்குக் குரல் பிசிறுகிறது, அதை அவள் அறியாள், நீர் அறிவீர்."

மோசஸ் அண்ணன் ஏற்றினார். நானும் ஏறினேன்.

"எங்கள் போதகருடைய கண்களைத் திறந்தருளும். தனிப்பாடல் கொடுக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே ஒரு பிள்ளைதான் தெரிகிறது. எங்கள் சகோதரர் மோசஸுடைய காதுகளையும் திறந்தருளும்." அண்ணன் கேட்டாரோ என்னவோ, இன்னும் அழகாக வாசித்தார். "எங்க நைனாவ நெனச்சுப் பாரும் ஆண்டவரே. அவருக்கு சின்னப் பொண்ணு தொண்டதான் தொண்ட. பெரிய பொண்ணுக்குத் தொண்டையே இல்லையா? கொடம் தூக்கறவளுக்குக் கொரல் வராதா?" உருக்கத்தில் சுத்தத் தமிழ் போய், வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "நல்லா நின்னீங்களாம்! நிக்கறதுக்கா நான் போனேன்? எல்லாம் உமுக்குத் தெரியும். அட்டப் படத்துல அவ கட்டிக்கினு கீறாளே ரோஸ் சேல, அது யாருதுன்னு உமுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த கேக்கல ஆண்டவரே. அந்துருண்ட போட்டு வெச்சிருந்தேன். அந்த ரோஸ் சேலைய..."

சேலையைப் பற்றி நிறைய இருந்தது. ஒருவழியாக ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாய் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி நின்றுகொண்டிருந்தார். மோசஸ் அண்ணன் கண்ணைத் துடைத்தார். அவர் எப்போதுமே சொற்களைக் கேட்க மாட்டார், சுருதியை மட்டும்தான் கேட்பார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பியூலா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அவள் முகம் என் சேலையின் நிறத்துக்கு வந்திருந்தது.

ஏழாவது பாட்டைப் பாடி முடித்ததுமே கதவு தட்டும் சத்தம். ஏதோ தலைக்கு எண்ணெய் விளம்பரத்துக்காக ஆட்கள் வந்து நின்றார்கள். பாய் கையை விரித்தார். "டைம் முடிஞ்சிபோச்சி. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற டைமும் இல்லியே."

"அக்கா..." என்று ஏதோ சொல்லவந்தாள் பியூலா. பிறகு ஹெட்ஃபோனைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

எனக்கு உள்ளே மணி அடித்தது. எட்டுப் பாட்டு கேசட்டில் ஏழு பாட்டு! ஒன்றை நான் ஜெபித்தே சாப்பிட்டுவிட்டேன். அவர்கள் மேலே ஏதோ கூடிப் பேசிக்கொண்டிருக்க, நான் கீழே இறங்கிப் போய்ச் சூடாக போண்டா வாங்கித் தின்றேன். அவ்வளவு ருசியான போண்டாவை அதற்குப் பிறகு தின்றதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தேன். தோற்றவர்களிடம் நான் எப்போதுமே தயவாக நடந்துகொள்வேன்.

ஞாயிறு வந்தது. அறுப்பின் பண்டிகை. சர்ச் முழுக்க, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவதற்காகக் காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், நெல்மூட்டை, கால் கட்டிய கோழிகள். கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், காலனியைத் தாண்டி ஊர்த்தெரு வரைக்கும் கேட்கும். போதகர் ரிப்பன் பிரித்து முதல் கேசட்டை நைனா கையில் கொடுத்தார். நைனா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அருவிக்கு முன்னால் என் ரோஸ் சேலை. படத்தைப் பார்க்காமல் அவசரமாகத் திருப்பி, அச்சான அட்டையில் எட்டாவதை மட்டும் மையால் அடித்திருப்பார்கள் என்று பின்பக்கத்து வரிசையைத் தேடினேன்.

எட்டாவதும் இருந்தது. 'ஒருமனமாய்ப் பாடுவோம். பாடியவர்கள்: ஜெபராணி, பியூலா.'

அது எங்கள் பாட்டு. சிறுபிள்ளைகளாக இருந்தபோது கம்பங்கொல்லையில் கிளி விரட்ட உட்கார்த்திவைப்பார்கள். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே நாங்கள் இருவரும் கட்டிய பாட்டு. முதல் வரி என்னுடையது. எங்கும் எழுதிவைத்தது கிடையாது. அதைத்தான் கடைசிப் பாட்டாக வைத்திருக்கிறாள். என் பெயரை முன்னால் போட்டிருக்கிறாள். ரெக்கார்டிங் அன்றைக்குச் சொல்லாமல் சிரித்தது இதற்குத்தான். நான் ஜெபித்துத் தின்றது என் பாட்டையே!

அப்போதுதான் இன்னொரு சந்தேகம் வந்தது. நான்தான் எதையும் பாடவில்லையே. அப்படியானால் எட்டாவதில் என்ன இருக்கிறது?

மைக்செட்காரர் அதற்குள் கேசட்டின் இரண்டாம் பக்கத்தை ஓடவிட்டிருந்தார். அவள் பாடிய பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன, ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஏழாவது முடிந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது. மோசஸ் அண்ணனின் கீபோர்டு மெல்ல எழுந்தது.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரமபிதாவே."

சபையே எழுந்து நின்றது. ஜெபம் என்று கேட்டதும் எங்கள் ஆட்களுக்குத் தானாகக் கால் நிமிர்ந்துவிடும், கண் மூடிவிடும். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். நான் கோழிகளைத் தாண்டி, பூசணியில் இடறி, மைக்செட்காரரிடம் ஓடினேன்.

"அண்ணே, நிறுத்துண்ணே! நிறுத்து!"

அவர் கை கூப்பியிருந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். "ஜெபம் நடந்துகினு கீதும்மா" என்று கிசுகிசுத்தார். "நடுவுல எப்பிடி நிறுத்துறது?"

சத்தம் ஏறாமல் போன நாடுகளையும் மழையையும் பாய் வெட்டிவிட்டிருந்தார். ஆகவே நேராகத் தாழ்மைக்கு வந்துவிட்டது. பியூலாளின் குரல் பிசிறுவது ஊர்த்தெரு வரை போயிற்று. போதகருடைய கண்களைத் திறக்கச் சொல்லி என் குரல் கேட்டபோது, போதகர் உண்மையாகவே கண்களைத் திறந்தார். அடுத்ததற்கு மோசஸ் அண்ணன் காதைத் தடவிக்கொண்டார். நைனாவின் தொண்டை ஓரவஞ்சனை வந்தது, குடம் வந்தது. என் சொந்தக் குரல், எக்கோவோடு, எவ்வளவு கம்பீரமாக இருந்தது தெரியுமா? அந்த நிலையிலும் ஒரு மூலையில் எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"...ஒரு வார்த்த கேக்கல ஆண்டவரே. அந்துருண்ட போட்டு வெச்சிருந்தேன். அந்த ரோஸ் சேலைய..."

டக்.

கேசட் தீர்ந்துவிட்டது.

யாரும் அசையவில்லை. ஜெபம் முடியவில்லையே, எப்படி உட்காருவது? மொத்தச் சபையும் கண்ணை மூடியபடி ஆமெனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. கடைசியில் முன்வரிசையிலிருந்து நைனா, கையில் கேசட்டோடு, நிதானமாகச் சொன்னார்.

"ஆமென்."

முதலில் சிரித்தது அம்மா. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் முடியவில்லை. அப்புறம் போதகரின் மனைவி, அப்புறம் எல்லோரும். நான் பூசணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே இருந்தால் ஏலத்தில் என்னையும் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

மத்தியானம் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். பியூலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாய் மிஷின்ல சத்தம் காட்டற ஊசியதான் பாத்துகினு இருந்தாராம், பேச்ச கேக்கலையாம்" என்றாள். "நீ போண்டா துன்னப் போனப்ப, 'சிஸ்டர் பேசுனது மியூசிக்கோட ரெக்கார்டு ஆயிருக்கு, எடம் இருக்கறவரைக்கும் போட்டுக்கலாமா'ன்னாரு. போடுங்கன்னேன்."

"நீ கேட்டியேடி! ஹெட்ஃபோன்ல எல்லாத்தையும் கேட்டியே!"

"கேட்டேன்."

"அப்புறம் எதுக்கு? பழி வாங்கறதுக்கா?"

"அதுக்கும்தான்." பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்தாள். "வெறும் ம்ம்ம் போதாது. உன் கொரல் இல்லாம எனுக்குக் கேசட் வரவேணாம்னு இருந்துச்சிக்கா. நீ பாடல. ஜெபம்தான் கீது. இருக்கறதப் போட்டேன்."

நான் போர்வைக்குள்ளேயே அழுதேன். அழுதுகொண்டே, இவ்வளவு நல்லவளாகவும் இவள்தான் இருக்க வேண்டுமா என்று அதற்கும் ஒருமுறை பொறாமைப்பட்டேன்.

கேசட் நன்றாக ஓடியது. ஆனால் மற்ற ஏழைவிட எட்டாவதுதான் அதிகம் ஓடியது என்று இன்றுவரை சொல்கிறார்கள். நாற்று நடுகிற பெண்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்களாம். ஓரகத்தி, நாத்தனார், சித்தி மகள் என்று எல்லோருக்கும் அதில் ஒரு வரி பொருந்தியது. பூத்தில் உட்கார்ந்திருந்தால், போன் பேச வருகிறவர்கள் பேசி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "ஏம்மா, அந்த சேல கெடச்சிதா?" என்பார்கள். (கிடைக்கவில்லை. பியூலாவின் பெட்டிக்குப் போனது போனதுதான்.) கேசட் டக்கென்று நின்றதில் அவர்களுக்கு அது ஒரு தீராத கவலை. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாமியார்கூட, பெயரைக் கேட்டதும், "நீதானா அந்த ரோஸ் சேல?" என்று கேட்டுவிட்டுத்தான் பூ வைத்தார்.

பியூலா அதற்குப் பிறகு நிறையப் பாடினாள். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் எல்லாம் போனுக்குள் வந்தது. மேடையில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் எனக்குப் பாரம் வருகிறது. வீட்டில் நான் எதையாவது குறைசொல்ல ஆரம்பித்து அது கொஞ்சம் நீண்டால் போதும், என் கணவர், பிள்ளைகள், யாராக இருந்தாலும் சத்தமாக "ஆமென்" என்பார்கள். அதோடு நான் நிறுத்த வேண்டும், அது எங்கள் குடும்பத்தில் சட்டம். நைனா போன பிறகு, அவரைப் போலவே நிதானமாகச் சொல்ல என் சின்ன மகன் பழகிவைத்திருக்கிறான்.

போன மாதம் பியூலாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஜெபிக்க என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் பியூலாதான் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஒரு வார்த்த ஜெபம் பண்ணுக்கா" என்றாள். மண்டபமே சிரித்தபடி எழுந்து நின்றது. நான் கண்ணை மூடப்போகிற நேரத்தில்தான் மணப்பெண்ணைப் பார்த்தேன். புதிதாக பிளவுஸ் தைத்து, பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் ரோஸ் சேலை. பெட்டியில் கிடந்த மடிப்புத் தடம்கூட அப்படியே இருந்தது.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரமபிதாவே" என்று ஆரம்பித்தேன். மண்டபம் முழுக்க ஒரே குரலில் "ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டது.